லிப்ட் நிற்கும் இரவு

எட்டேகாலுக்குக் கரண்ட் போனது.
வெள்ளவத்தை முழுக்க ஒரே வாயால்
"சீ" என்றது.
நான் செருப்பைத் தேடினேன்.

ஏழு மாடி.
என்னுடையது எழுபது மில்லிமீற்றர்,
தோளில் போட்டால் ஒரு குடையின் பாரம்.
றிஸ்மியாவின் ஆறங்குலத்தை
அவளும் தம்பியும் முன்னும் பின்னுமாய்
பிரேதம்போல் தூக்கி வந்தார்கள்.
கிளமென்ற்றின் பத்தங்குலம் மட்டும்
கீழே, வாகனத் தரிப்பிடத்தில்.

வானம் இருண்டால் லிப்ட் ஓடாது.
லிப்ட் ஓடினால் வானம் இராது.
இந்தக் கட்டடத்தின் வானியல் இவ்வளவுதான்.

தண்ணீர்த் தாங்கியின் பக்கத்தில்
கடலுக்கு முதுகு காட்டி நின்றோம்.
சித்திரைக்கும் அத்தத்துக்கும் நடுவே,
கொஞ்சம் வடக்கே.
(கலியாணப் பொருத்தத்தில் என்னை விழுத்திய
அதே சித்திரை, அதே அத்தம்.)

என்னுடையதில் ஒன்றுமில்லை.
இருபது நிமிடம் இருட்டில் ஊறியும்
ஒன்றுமில்லை.
பிறகு கண்ணைச் சற்றே ஒதுக்கியபோது
அந்த ஒன்றுமில்லாததில் ஓரிடம்
மற்ற இடங்களைவிடக்
கொஞ்சம் குறைவாக இல்லாமல் இருந்தது.
நேரே பார்த்தேன்.
போய்விட்டது.

றிஸ்மியாவுடையதில் அது நீட்டுவாக்கில் கிடந்தது.
"தேய்ஞ்சு முடியிற சவர்க்காரத் துண்டு" என்றாள்.
இரண்டுதரம் பார்த்தேன். சவர்க்காரம்தான்.

படிக்கட்டில் மூச்சிரைப்பு.
கிளமென்ற், ஆடியைத் துவாயில் சுற்றி
நெஞ்சோடு அணைத்தபடி;
பின்னால் வோச்சர் லயனல்
வெற்றுக் குழாயைத் தலையில் மாட்டிக்கொண்டு.
பூட்டி, திருகி, சரிபார்த்து முடிக்க
ஒன்பதரை தாண்டியது.

குனிந்தேன்.
அதற்கு ஒரு நடு இருந்தது.
நடுவைக் கீறிக்கொண்டு மெல்லிய கருங்கோடு.
"தூசி" என்றார் கிளமென்ற்,
"மூன்று கோடி வருஷத்துக்கு முந்தின தூசி."
கோட்டைக் கண்டேனா,
அவர் சொன்னதைக் கண்டேனா,
இன்னொருதரம் பார்த்தால் தெரியுமென்று

ஒன்பதே முக்கால்.
வெள்ளவத்தை கைதட்டியது.
யாரோ விசிலடித்தார்கள்.
எதிர்மாடி நகைக்கடைப் பலகை
பச்சையாய், சிவப்பாய், மறுபடி பச்சையாய்.
கண்வில்லைக்குள் பால் ஊற்றினாற்போல் ஆனது.

லயனலுக்கு மட்டும் சந்தோஷம்.
லிப்ட் பொத்தானை அமத்தினான். வந்தது.
பத்தங்குலம் சொகுசாக இறங்கிப் போயிற்று.
சவர்க்காரத் துண்டைப் பற்றிப் பேசிக்கொண்டே
றிஸ்மியாவும் தம்பியும் போனார்கள்.

நான் கால்களை மடக்கவில்லை.
அந்தச் சோகை வெளிச்சத்தில்
எழுபது மில்லிமீற்றருக்குள் மீண்டும் குனிந்தேன்.
இருக்கவில்லை, இருக்கவும் முடியாது.
ஆனாலும்
எந்த இடத்தைப் பார்க்காமல் இருக்கவேண்டுமென்று
இப்போது எனக்குத் தெரிந்திருந்தது.