கடைசிப் பக்கம் இல்லாத திமிங்கலம்

சேலம் பழைய பஸ் ஸ்டாண்டு பிளாட்பாரத்தில்
பதினைந்து ரூபாய்க்கு வாங்கியது.
அட்டை கிடையாது, அதனால் பெயரும் கிடையாது.
மலைமேல் ஒரு திமிங்கலம் வந்து படுக்கும்.
முதலில் பைன் மரங்கள்
(நான் சில்வர் ஓக் என்று படிப்பேன்),
பிறகு ஒரு தபால்பெட்டி, ஓர் ஆடு,
ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பையன்,
எல்லாவற்றையும் கடிக்காமல் விழுங்கும்.
பையன் உள்ளே நின்று தீக்குச்சி கிழிப்பான்.
அவ்வளவுதான்.
மீதியை எலி தின்றிருந்தது.

மீதி என் பொறுப்பாயிற்று.
கடைசி பஸ்ஸை ஏற்காட்டில் நிறுத்திவிட்டு
டீசல் வாசனை போகாத கையோடு உட்கார்ந்து
ராத்திரிக்கு ஒரு முடிவு சொன்னேன்.
ஒருநாள் பையன் அதன் தொண்டையில் காபி நட்டான்.
ஒருநாள் அது தும்மியதில்
எல்லோரும் அடிவாரத்தில் போய் விழுந்தார்கள்,
ஆடு மட்டும் அரை டிக்கெட் எடுத்துத் திரும்பி வந்தது.

ஜெசிந்தா கேட்பாள்:
"இன்னிக்கு எத்தனாவது வளைவுல வாயத் தொறந்துச்சு?"
"பதினாலு."
"ஹார்ன் அடிச்சீங்களா?"
"அடிச்சேன். தூங்குதேன்னு, மெல்லமா."

இந்த ஜூலையில் அவள் ஐந்தாம் வகுப்பு.
புத்தகத்தைக் கையில் எடுத்தபோது
பென்சிலை வாயிலிருந்து எடுக்காமலே சொன்னாள்:
"அப்பா, அது நீராவி. குளுந்தா துளியாகும்.
டெஸ்ட்ல எழுதினேன், அஞ்சுக்கு அஞ்சு."

சரி என்றேன்.
அஞ்சுக்கு அஞ்சு வாங்கிய பிள்ளையிடம்
வேறென்ன சொல்வது.
புத்தகம் அரிசி டிரம்மின் மேல் போய் உட்கார்ந்தது.

மறுநாள் இருட்டும் நேரம்,
பதினாலாவது கொண்டை ஊசி.
முப்பத்தெட்டுப் பேர், ஒரு பலாப்பழம்,
பின்சீட்டில் யாரோ வாந்தி.
கண்ணாடிக்கு முன்னால் வெள்ளை, வெறும் வெள்ளை.
இரண்டாவது கியர். மஞ்சள் விளக்கு.
நீராவி, நீராவி என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன்.
அது வாயைத் திறந்தது.
ஹார்ன் அடித்தேன்.
மெல்லமாக.

வீட்டில் பாய் விரித்தாயிற்று.
ஜன்னலைச் சாத்தப் போனாள் ஜெசிந்தா.
தினமும் அவள் வேலைதான் அது,
அம்மாவுக்குச் சளி.
கொக்கி போடுமுன் ஒரு நொடி நின்றாள்.
நான்கு விரல் இடம் விட்டுத் திரும்பினாள்.

"பனி உள்ள வரும்டி."

"சாக்ஸ் காயணும்மா."

கொடியைப் பார்த்தேன்.
ஒரு துண்டு, என் காக்கிச் சட்டை.
வேறொன்றும் இல்லை.