பன்னிரண்டு லீற்றர் வெளிச்சம்

கச்சான் விழுந்த இரவு.
குச்சவெளிக் கரை பின்னால் ஒரு கோடு.
நிஹ்மத் ஜெனரேற்றரை இழுக்கிறான்.
மூன்று தரம் இருமி நாலாவதில் பிடிக்க
நாலு ஹலோஜனும் ஒரேயடியாய் முழிக்கின்றன.
வள்ளத்தைச் சுற்றிக் கடல்
சோடாப் போத்தல் பச்சை.

என் பொறுப்பு பல்பும் பெற்றோலும் கொப்பியும்.
தேதி. லீற்றர். கிலோ. மிச்சம்.
மிச்சத்துக்குக் கீழே
இந்தக் கிழமை முழுக்க
முதலில் ஒரு சின்னக் கோடு,
பிறகுதான் இலக்கம்.

பல்பு மாற்றும்போது புறங்கையில் பட்டுவிட்டது.
தோல் உரிந்த இடத்தில்
நாலு நாளாய் உப்புத் தண்ணி எரிகிறது.
வாங்கி ஊற்றும் பெற்றோலில்
கணவாயின் கண்ணுக்குப் போவது சொட்டு.
மற்றதெல்லாம் சத்தம், சூடு,
என் கை.

தூண்டில் அசையாத நேரம்
நிஹ்மத் போனை நீட்டினான்.
நியூசிலாந்தில் ஒரு குகையின் கூரை.
நான் வானம் என்று நினைத்தேன்.
"புழுவடா. ஒரு சின்ன ஈயின்ர குஞ்சு."
வாயால் நூல் இழுத்துத் தொங்கவிட்டு
நூல் நெடுக முத்து முத்தாய்ப் பசை வைத்து
வால் நுனியில் நீலமாய்க் கொளுத்திவிட்டு
சும்மா கிடக்குமாம்.
குகைக்குள் திசை கெட்ட பூச்சி
அதுதான் வெளி என்று நம்பி
மேலே பறக்குமாம்.

"வயிறு காய்ந்தால்
இன்னும் பளிச்சென்று எரியுமாம்."

நான் எழும்பிப் போய்
இரண்டு பல்பை அணைத்தேன்.
பாதிக் கடல் கறுத்தது.
"என்னடா?"
"பெற்றோல்."
பாதி வெளிச்சத்துக்குப் பாதி குடி என்று
ஜெனரேற்றருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.
விடியும் வரை அதே குடி, அதே இருமல்.
ஆறு கிலோ.

வாடிக்குத் திரும்பிக் கால் கழுவப் போனால்
கிணற்றடி ஈரத்தில், தாழம் பற்றைக்குக் கீழே
பச்சையாய் ஒரு பொட்டு.
ரோச் அடித்தேன், காணவில்லை.
அணைத்தேன், இருந்தது.
குனிந்து பார்த்தால் விரல் நீளத்தில் ஒரு மின்மினிப் புழு,
நத்தை ஓட்டுக்குள் தலையைக் கொடுத்து
தின்றுகொண்டிருந்தது,
வாலை அணைக்கக்கூட மினக்கெடாமல்.

எரிந்த புறங்கையை
அந்த வெளிச்சத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.
இன்னும் கிட்ட.
தொட்டும் பார்த்தேன்.
கிணற்றுத் தண்ணியைப் போல் குளிர்ந்திருந்தது.

கொப்பியைத் திறந்து தேதி போட்டேன்.
கிலோ என்ற இடத்தில்: நத்தை ஒன்று.
லீற்றர் என்ற இடத்தில்
பேனையை வைத்தேன், எடுத்தேன்.

நிஹ்மத் ஐஸ் பெட்டிக்குக் கத்திக்கொண்டிருந்தான்.