சேதப் பட்டியல்

தேவகோட்டையில், இரண்டாம் கட்டுச் சரக்கறையில் பிடித்த தீ.
நாற்பது நிமிடத்தில் அடக்கினோம்.
மூன்றாம் நாள் ஸ்டேஷன் வாசலில் காரை நிறுத்தி
உமையாள் ஒரு பாட்டிலை நீட்டினார்.
"அவர் அலமாரியில இருந்தது. ஒரு கீறல் இல்ல."
அரசாங்க உத்தியோகம், அன்பளிப்பு வாங்கக்கூடாது என்றேன்.
"அப்ப சேதத்துல எழுதிக்கங்க.
குடிக்க அவரும் இல்ல."

எழுதினேன்.
தேக்கு உத்தரம் இரண்டு, டிரங்குப் பெட்டி நான்கு,
கண்ணாடிச் சாமான் ஒன்று: முழுச் சேதம்.

டூட்டி இல்லாத இரவு,
அடைக்கலத்தின் கோட்டையூர் மொட்டைமாடி.
பேப்பரில் அவித்த கடலை,
மூன்று எவர்சில்வர் டம்ளர்.

செபஸ்தி ஒரு வாய் வைத்துவிட்டுக் காறினான்.
"பதினேழு வருசமா ஓசியில குடிக்கிறோம்,
இதைக் காசு குடுத்து வேற வாங்குறானா?"

கரி இருந்தது அதில்.
தொண்டிக் கரையில் காயும் வலை இருந்தது.
ஆஸ்பத்திரித் தரையும் இருந்தது,
தீக்காய வார்டுப் பக்கம் கழுவியது.
அந்த வார்டுக்கு நாங்கள் தூக்கிப்போனவர்களைப் பற்றி
யாரும் பேசவில்லை.

சதுப்பு மண்ணை வெட்டி, காயவைத்து, எரித்து
அந்தப் புகையில் பார்லியை உலர்த்துவார்களாம்.
போனில் படித்துச் சொன்னேன்.
"மண்ணு எரியுமா?"
"அங்க எரியும்."
"அப்ப நம்ம மணல் வாளி?"
சிரித்ததில் செபஸ்திக்குப் புரை ஏறியது.

அடைக்கலம் மட்டும் சிரிக்கவில்லை.
செம்பிலிருந்து கொஞ்சம் தண்ணீர் விட்டான்.
மூக்கை டம்ளருக்குள் இறக்கி
வெகுநேரம் அப்படியே இருந்தான்.
"இது எரியறப்ப வர்ற வாசம் இல்லடா.
அணைச்சு முடிச்சு,
ஓஸைச் சுருட்டுறப்ப வர்றது."

நாங்களும் தண்ணீர் விட்டுக்கொண்டோம்.
சரிதான்.
நனைந்த பிறகுதான் சாம்பல் வாய் திறக்கும்.
கருகலுக்கு அடியில் எங்கோ ஒரு இனிப்பு.
அதை உமையாளின் சரக்கறையிலும் முகர்ந்திருக்கிறேன்,
வெல்லப் பானை உருகிச் சுவரில் வழிந்திருந்த மூலையில்.
பட்டியலில் அதை எழுத விட்டுப்போயிற்று.

செபஸ்தி இரண்டாவது டம்ளர் கேட்டான்.
திட்டிக்கொண்டேதான் குடித்தான்.

வீட்டுக்கு வந்து படுத்தேன்.
தூக்கத்திலேயே என் பக்கம் திரும்பி மோந்து பார்த்து
பரிமளா கேட்டாள்:
"எந்த ஊருல தீ?"

லேபிளில் ஒரு ஊர்ப்பெயர் இருந்தது.
என் வாயில் நுழையவில்லை.