ககககக

பெலேம் நகரில் பிற்பகல் மழை இறங்குவதற்குள்
வால்டெமிர் கடையில் இடம் பிடித்துவிட வேண்டும்.
மணிக்கு இரண்டு ரெயால்.
மின்விசிறிக்கு நேர்கீழே மூன்றாம் எண் கணினி.
எனக்கு முன் உட்கார்ந்த எவனோ
அசாயிக் கூழ் தின்ற கையோடு விளையாடியிருப்பான்,
விசைகளின் மேல் கத்தரிப்பூ நிறத்தில் ரேகை.
பாதி விசைகளில் எழுத்தே இல்லை.
இருந்திருந்தால் பார்த்துப் பார்த்து அடித்திருப்பேன்.
இல்லை, அதனால் பார்க்கவில்லை.
அவ்வளவுதான் என் பயிற்சி.

அந்த விளையாட்டில்
யாரும் எழுதிவைக்காத விதி ஒன்று உண்டு:
பேசினால் நடக்க முடியாது.
அரட்டைப் பெட்டி திறந்ததும்
கால் இரண்டும் கட்டிப்போட்டதுபோல் நின்றுவிடும்.
குகையில் வருகிற பூதம் மட்டும் நிற்காது.
நான் வைத்தியக்காரி. பச்சை அங்கி, கையில் கோல்,
ஐந்து பேர் உயிர் என் பொறுப்பு.
'எதெர்சன், பின்னால் பார்' என்று அடித்து முடிப்பதற்குள்
எதெர்சன் செத்திருப்பான்.
சில நாள் நானும்.

அதனால் சுருக்கினோம்.
உயிரெழுத்துகளின் தலையில் இருந்த கோடுகள் முதலில் போயின.
மூக்கால் சொல்லவைக்கும் அலை போயிற்று.
பிறகு உயிரெழுத்துகளே போயின.
'நீ' என்பதற்கு இரண்டு மெய்,
'இல்லை' என்பதற்கு ஒன்றே ஒன்று.
தேர்வுத் தாளிலும் கை அப்படியே ஓடி
இலக்கணத்தில் மூன்றரை வாங்கினேன், பத்துக்கு.

சிரிக்க மட்டும் எப்படியோ நேரம் இருந்தது.
எங்கள் போர்த்துகீசில் அநேகமாய் வேலையற்றுக் கிடந்த
'க' விசையை இழுத்து வந்து வேலை கொடுத்தோம்.
ககககக.
வலது நடுவிரல் ஒன்று போதும்.
எதெர்சன் செத்தால் ஐந்து க.
நான் செத்தால் ஒரு வரி முழுக்க.
எதிர் நாற்காலியை எட்டிப் பார்த்திருக்கிறேன்,
வரி முழுக்கச் சிரிப்பவன் முகம்
ஈரத்துணிபோலத் தொங்கிக்கொண்டிருக்கும்.

இப்போது துறைமுகக் காவல் நிலையத்தில் எழுத்தர்.
நிமிடத்துக்குத் தொண்ணூற்றாறு சொல்.
எங்கே கற்றாய் என்ற கட்டத்தை
விண்ணப்பத்தில் காலியாக விட்டிருந்தேன்.

நேற்று இரவு ரோசிலேயா என்ற பெண் வந்தாள்,
மராஜோ படகில் சீட்டுக் கிழிப்பவள்.
படகு மோட்டார் களவு போயிற்றாம்.
எத்தனை குதிரைத் திறன், என்ன நிறம்,
சங்கிலியை எந்த ரம்பத்தால் அறுத்தார்கள் என்பது வரை
மூச்சு விடாமல் சொன்னாள்.
நான் அவளுக்கு அரைச் சொல் பின்னால் போய்க்கொண்டிருந்தேன்.
'ரம்பம் எங்கள் வீட்டுடையது' என்றாள்.
'என் மகன்' என்றாள்.

பிறகு நான்கு நிமிடம் ஒன்றும் இல்லை.

விரல்கள் விசைகளின் மேலேயே நின்றன.
யாராவது பேசாமல் போனால்
செத்துவிட்டார்கள் என்றே பழகிய விரல்கள்.
'வாக்குமூலம் தருபவர் மௌனமாக இருந்தார்':
நான்கு நிமிடத்தை அடிக்க
எனக்கு இரண்டே நொடி ஆனது.

அவளே பேச்சை மாற்றினாள்.
'கீழே பார்க்காமல் எப்படி அடிக்கிறாய்?'
குகையைச் சொன்னேன். பூதத்தைச் சொன்னேன்.
எதெர்சன் ஒரே மாலையில் பதினேழு முறை செத்ததைச் சொன்னேன்.
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்,
கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள்.
என் நடுவிரல் என்னைக் கேட்கவில்லை.
'என் மகன்' என்பதற்கு இரண்டு வரி கீழே
ககககக.

அரசு ஆவணம். ஒவ்வொன்றாகப் பின்னுக்குத் தள்ளி எடுத்தேன்.
அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
கடைசிக் 'க' போகும் வரை.

'அழிக்க முடியும் போலிருக்கிறதே' என்றாள்.