நிழலில் உலர்த்தவும்

சதுரம் ஒன்று. அதன் இடது மூலையில்
சாய்ந்த கோடு ரெண்டு.
நிழலில் உலர்த்தவும் என்று அர்த்தம்.
ஒன்பது வருஷமாக அனுப்பர்பாளையத்தில்
பனியனின் உள்பக்கம், இடுப்புத் தையலோரம்
அந்தச் சதுரத்தை வைத்து ஓட்டுகிறேன்,
மணிக்கு நூற்றியெண்பது பீஸ்.

எங்கள் லைன் வீட்டுக்கு நிழல் கிடையாது.
மொட்டை மாடியில் பதினோரு குடும்பத்துத் துணியும்
கருவாடு மாதிரி விறைத்துக் கிடக்கும்.
வெசயாக் காஞ்சா சரி, அவ்வளவுதான்.

ஜெசிந்தா கோத்தகிரிக்காரி. அயர்ன் டேபிள்.
என்னிடம் எழுநூறு கைமாத்து வாங்கியிருந்தாள்.
தீபாவளி போனஸ் வாங்கின கையோடு
ஊருக்குப் போனவள் வரவில்லை.
அவள் ரூம் கதவோரம் ஒரு பெயின்ட் டப்பா,
டப்பாவில் ஒரு செடி,
டப்பா மேல் சாக்பீஸில்: அக்காவுக்கு.

இலை என்று சொல்லவே கூச்சமாயிருக்கும்,
எள்ளுக்கு அண்ணன், அரிசிக்குத் தம்பி.
கசக்கினால் ஓமத்தண்ணி வாசம்,
பின்னாலேயே மழைக்கு முந்தின மண் கொஞ்சம்.
போன் போட்டு என்ன செடிடி இது என்றேன்.
தைம் என்றாள்.
ஆறரை என்றேன்.
ரெண்டு பேரும் சிரித்து முடித்த பிறகு
பணத்தைப் பற்றி அவளும் பேசவில்லை,
எனக்கும் கேட்க வாய் வரவில்லை.
பூ வைக்கிறதுக்குள்ள வெட்டிருக்கா,
கட்டைத் தண்டை விட்டுரு, என்றாள். லைன் கட்டாயிற்று.

தை மாசத்து ஞாயிறு. பனி ஈரம் வடிந்ததும்
நூல் வெட்டும் கத்தரியால் வெட்டினேன்.
மூணில் ஒரு பங்கைச் செடிக்கே விட்டேன்.
ஓவர்லாக் நூலில் கட்டி
மாடிக் கொடியில் மாட்டினேன், பழக்கதோஷம்.
மூணே நாள்.
முகர்ந்தால் வைக்கோல்.

திங்கட்கிழமை மெஷினில் உட்கார்ந்து
முதல் லேபிளை எடுக்கையில்
அந்தச் சதுரம் என்னைப் பார்த்தது.
அட, உன்னைத்தான் இத்தனை நாளும்
ஊருக்கெல்லாம் சொல்லி அனுப்பினேனா?

மிச்சக் கிளையை வெட்டி
படிக்கட்டுக்கு அடியில், மீட்டர் பெட்டிக்குப் பக்கம்
தலைகீழாகக் கட்டினேன்.
அது சென்னியப்பன் மொபெட் நிறுத்தும் இடம்.
வண்டி வீதிக்குப் போனது, அவர் முகமும் கூடவே போனது.
பக்கத்து வீட்டு ஒடிசாப் பெண் மிதாலி
நின்று முகர்ந்துவிட்டு, சாமிக்கா தீதி என்றாள்.
கரண்டு ரீடிங் எடுக்க வந்தவர்
செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்தார்.
நான் யாரையும் திருத்தவில்லை.

பன்னிரண்டாம் நாள்
தண்டை வளைத்தேன், ஒடிந்தது.
ஊசி முறிகிற சத்தம், அதைவிடச் சின்னது.
பேப்பர் விரித்து உருவினேன்.
இலையெல்லாம் உதிர்ந்தன, ஒரு கை நிறையக்கூட இல்லை.
பூஸ்ட் பாட்டிலில் போட்டு இறுக்கி மூடினேன்.
விடிந்து பார்த்தால் கண்ணாடிக்குள் வியர்வை.

திரும்பக் கொட்டி, திரும்ப நிழல், இன்னும் ரெண்டு நாள்.
இந்தத் தடவை
பேக்கிங் செக்‌ஷனில் கீழே கிடந்த
தின்னக்கூடாது என்று எழுதின குட்டிப் பொட்டலம்
ரெண்டைப் பொறுக்கி வந்து உள்ளே போட்டேன்.
கப்பலேறும் துணிக்கு என்ன மரியாதையோ
அதே மரியாதை.
கோணலாகப் போன லேபிள் ஒன்றை
பாட்டில் கழுத்தில் நூலால் கட்டினேன்,
அது போதும் பேருக்கு.

மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன்.
பாட்டிலைக் கழித்தால் இருபத்தெட்டு கிராம்.
எழுநூறு ரூபாய்.

ராத்திரி அரிசிம்பருப்புச் சாதத்தில்
நெய்க்கு முன்னால் ஒரு சிட்டிகை நுணுக்கிப் போட்டேன்.
ஓமமா போட்டே, என்றார் சென்னியப்பன்.
இல்லீங்க.
வேறொன்றும் கேட்காமல்
ரெண்டாம் தடவை தட்டை நீட்டினார்.

பெயின்ட் டப்பாவில்
விட்டுவைத்த கட்டையிலிருந்து துளிர் கிளம்பியிருக்கிறது.
படிக்கட்டுக்கு அடியில் நூலை நான் அவிழ்க்கவில்லை.
மொபெட் இன்னும் வீதியில்தான் நிற்கிறது,
வெயிலில்.