மின்டோ பிரிட்ஜுக்குக் கீழே

கேஸ் என்றார் முதல் டாக்டர்.
லட்சுமி நகரில் பாதிப் பேருக்கு கேஸ்தானாம்.
இளஞ்சிவப்பு மருந்தைக் குடித்துக்கொண்டு ஒரு வருஷம்
மெட்ரோ படிகளில்
கம்பியைத் தழுவித் தழுவி ஏறினேன்.

இரண்டாமவர் என் வயதைக் கேட்டார்.
கணவருக்கு என்ன வேலை என்று கேட்டார்.
டென்ஷன் என்று எழுதினார்.

மூன்றாவது இடத்தில், இரவு இரண்டு மணிக்கு,
நாக்குக்கடியில் மாத்திரை வைத்தார்கள்.
ஊருக்கெல்லாம் வலியைக் கரைக்கிற மாத்திரை
எனக்கு மட்டும்
நெஞ்சின் மேல் எருமையை உட்காரவைத்தது.
ஈசிஜி எடுத்த பையன்
காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்,
தலைகீழாகப் பிடித்தாலாவது புரியுமா என்பது போல.

பந்த் ஆஸ்பத்திரியில் நாற்பத்தாறாம் டோக்கன்.
"போர் கோடி! போர் கோடி!"
பொற்கொடியாகிய நான் எழுந்து போனேன்.
டாக்டர் நேகி திரையை என் பக்கம் திருப்பினார்.
இதயத்தின் மேல் ஒரு ரத்தக்குழாய்
சாதாரணமாக ஓடிக்கொண்டிருந்தது.
திடீரென்று தசைக்குள் புதைந்து,
இரண்டரை சென்டிமீட்டர் தள்ளி
ஒன்றும் நடக்காதது போல வெளியே வந்தது.
பிறவியிலேயே அப்படித்தானாம்.
இதற்குப் பெயர் பாலம் என்றார்.
பாலம் என்றால் மேலே அல்லவா போகவேண்டும் என்றேன்.
மின்டோ பிரிட்ஜ் தெரியுமா என்றார்.

தெரியாதா.
ஒன்பது வருஷமாக அதன் கீழேதான் ஆபீஸ் போகிறேன்.
மேலே ரயில், கீழே நாங்கள்.
ஒரு மணி நேர மழைக்கு
ஜன்னல்வரை மூழ்கிய பஸ்ஸின் கூரையில்
செருப்பைக் கையில் பிடித்தபடி டிரைவர் நிற்பார்.
மறுநாள் பேப்பரில் படம்.
அதற்கு மறுநாள் அதே வழியில் அதே பஸ்.

சுருங்கும்போதெல்லாம்
தனக்குச் சோறு வருகிற வழியைத் தானே நெரிக்கிறது.
விரியும்போதுதான் அதற்குச் சாப்பாடு,
இரண்டு துடிப்புக்கு நடுவில்.
எனக்கு உடனே புரிந்துவிட்டது.
நானும் குக்கரின் இரண்டாம் விசிலுக்கும் மூன்றாம் விசிலுக்கும்
நடுவில்தான் சாப்பிடுகிறேன்.

மெதுவாக்கும் மாத்திரை தந்தார்,
காலையில் ஒன்று, இரவில் பாதி.
நாக்குக்கடி மாத்திரையை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள் என்று
சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தார்.
அந்தச் சீட்டு ஆதார் அட்டைக்குப் பின்னால் இருக்கிறது.

இப்போது நான் மெதுவான ஆள்.
நிமிஷத்துக்கு ஐம்பத்து நாலு.
ஜூன் மாதத்திலும் விரல் நுனி ஜில்லென்கிறது.
கோபம்கூட சரக்கு ரயில் மாதிரி வருகிறது.
வந்துசேர்வதற்குள்
சண்டை போட்டவர் குறட்டை விடுகிறார்.

ஆபரேஷனும் உண்டு.
மூடியிருக்கும் தசையைக் கீறி
கூரையைப் பிரிப்பார்களாம்.
அதற்கு நெஞ்செலும்பை அறுக்கவேண்டும்.
பிரித்த பிறகும் சிலருக்கு வலி போவதில்லை,
பொய் சொல்லமாட்டேன் என்றார் நேகி.
தீபாவளிக்குள் யோசித்துச் சொல்லவேண்டும்.
உன் இஷ்டம் என்கிறார் சபாபதி.
இருபது வருஷத்தில்
திரைச்சீலை நிறத்துக்குக்கூட அப்படிச் சொன்னதில்லை.
அதுதான் பயமாக இருக்கிறது.

இன்று மழை.
பாலத்துக்கு முன்னால் பஸ் நிற்கிறது.
தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று தெரியவில்லை.
டிரைவர் இறங்கி, பேண்ட்டை மடித்துவிட்டு,
ஒரு குச்சியை விட்டுப் பார்க்கிறார்.
பின்னால் ஹாரன். ஓட்டப்பா, ஓட்டு என்று
இந்தியில் நாலு குரல்.
மேலே ரயில் போகிறது.
மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணுகிறேன்.
முப்பத்தொன்று, முப்பத்திரண்டு.
டிரைவர் குச்சியை வெளியே எடுத்து
நனைந்த இடம்வரை
கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு
நின்றுகொண்டிருக்கிறார்.