பதினான்காம் பகுதி

இருபத்தாறு வருடம்
இன்னொருவரின் கடிகாரத்தில் முள்ளாய்ச் சுற்றினேன்.
பிறகு வீடு விற்றது. என் பாதியில் ஒரு பழைய படகு.
ஐசல் ஆற்றில் அதைக் கட்டிப்போட்ட முதல் இரவு
ரொட்டியைப் படுக்கையில் வைத்துத் தின்றேன்,
துணுக்குகளைத் தட்டாமலே தூங்கினேன்.
விடுதலை என்றால் அன்றைக்கு அவ்வளவுதான்.

சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை.
எங்கே போகிறாய் என்று கேட்க ஆளில்லை.
எங்கேயும் போகவும் இல்லை, அது வேறு கதை.

அக்டோபரில் நீர் வாரியத்தின் கடிதம் வந்தது.
கரைக் காவலுக்கு ஆள் வேண்டுமாம்.
பதினான்காம் பகுதி: பம்ப் அறையிலிருந்து
ஹார்மின் மாட்டுக் கொட்டகை வரை
தொள்ளாயிரம் மீட்டர்.
சம்பளம் கிடையாது. ஆரஞ்சு நிற மேல்சட்டை தருவார்கள்.
அடியில் இரண்டு கட்டங்கள்: சம்மதம், இல்லை.

இல்லையின் மேல் பேனாவை வைத்தேன்.
யாரும் திட்டப்போவதில்லை.
அதுதான் இடித்தது.
திட்டுகிறவர் இருந்தால் எனக்கு வழி தெரியும்,
உள்ளுக்குள் மறுத்துக்கொண்டே செய்துவிடுவேன்.
மூன்று வாரம் காகிதம் ஃபிரிட்ஜில் தொங்கியது.
ஒரு புதன்கிழமை, உருளைக்கிழங்கு வேகும் நேரத்தில்,
மற்ற கட்டத்தில் கோடு போட்டேன்.

பள்ளிக்கூட ஹாலில் ஒரு மாலை வகுப்பு.
ஊறுவது தப்பில்லை, எல்லாக் கரையும் ஊறும் என்றார்கள்.
தெளிவாய் ஊறினால் குறித்து வை.
கலங்கி ஊறினால் கூப்பிடு.

ஜனவரி. ஜெர்மனியில் ஐந்து நாள் மழை;
எங்களிடம் அது வந்து சேர்ந்தது
இரவு இரண்டு மணிக்கு.
கயிற்றை நீட்டிவிட்டேன். படகு எழுந்து
கரைக்கு மேலே ஊரை எட்டிப் பார்த்தது.
அந்த ஊரில் மிதக்கக்கூடியவள் நான் ஒருத்திதான்.
எனக்கு ஒன்றும் ஆகாது.
மேல்சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

வலப்பக்கம் ஆறு.
இடப்பக்கம், ஆற்றைவிடத் தாழ்வாக,
விளக்கணைத்துத் தூங்கும் கூரைகள்.
ஹார்மின் மாடி சன்னலும் இருட்டு.
என் ஜெனரேட்டர் சத்தத்தைப் பற்றி
நகராட்சிக்கு இரண்டு முறை எழுதிய ஆள்.
அவர் குறட்டைக்கும் சேர்த்துத்தான்
என் டார்ச் நடந்தது.

அறுநூற்று நாற்பதாவது மீட்டர், பேரிக்காய் மரத்தடி.
புல்லுக்குள் தட்டளவு தண்ணீர் கொதிப்பதுபோல் குமிழியிட்டது.
மண்டியிட்டேன். கையுறையைக் கழற்றி அள்ளினேன்.
வெளிச்சத்தில் விரலிடுக்கில் வழிந்து போனது தண்ணீர்;
உள்ளங்கையில் தங்கியது மணல்.
கரை கரைகிறது.

பேசுவது யார் என்றது தொலைபேசி.
பதினான்கு என்றேன்.
ஃபென்னா என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

லாரி வர நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள்.
அங்கே நின்று நான் செய்யக்கூடியது எதுவுமில்லை,
பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர.
இருபது அடியில் என் படகு, கயிற்றின் மறுமுனையில் ஆறு.
போயிருக்கலாம்.
இதுவரை நான் நின்ற இடங்களிலெல்லாம்
போக முடியாததால் நின்றேன்.
குளிர் பூட்ஸுக்குள் ஏறியது. நின்றேன்.

விடியும்போது மணல்மூட்டைகள் ஊற்றைச் சுற்றி
கிணற்றுச் சுவர்போல் எழுந்திருந்தன.
ஊறியது இப்போது தெளிந்த தண்ணீர்.
பைஜாமாமேல் கோட்டைப் போட்டுக்கொண்டு
ஹார்ம் வந்தார். மூட்டைகளைப் பார்த்தார், மாடுகளைப் பார்த்தார்.
அந்த ஜெனரேட்டர் இன்னும் கத்துகிறது என்றார்.
ஆமாம் என்றேன்.

மாலை ஏழு மணிக்கு மறுபடி என் முறை.
நனைந்த மேல்சட்டையை மாட்ட
படகில் ஓரிடமும் இல்லை.
ஓர் ஆணி அடிக்க வேண்டும்.
சுத்தியல் கிடையாது.
ஹார்மிடம்தான் கேட்க வேண்டும்.